முள் இல்லாத இரை

வலது பக்கத்து நாற்காலி சூடாக இருந்தது.

ஏரியைப் பார்த்த வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் கிடந்தன. லிஃப்ட்காரர் வந்ததிலிருந்து இடது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் போட்டிருந்த துண்டை எடுக்கக் கையை நீட்டியபோது, அதன் பின்னல் உள்ளங்கையில் கதகதவென்று பட்டது. யாரோ நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து உள்ளே போன சூடு. காலையிலிருந்து வெயிலே இல்லை. மேகம் ஏரிமேல் கம்பளியாக இறங்கிக் கிடந்தது, தூறல் விட்டுவிட்டுப் போட்டது, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியே சில்லென்று நமத்துப்போயிருந்தது. மறுபடி தொட்டுப் பார்த்தார். சூடுதான். கைக்கும் வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு தலையைத் துவட்டினார். அறுபதைத் தாண்டிவிட்டால் எதற்கெடுத்தாலும் வயதின் மேல் பழியைப் போட்டுவிடலாம், அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

வேலை செய்த காலம் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்தவர். ஊரார் ஏறி இறங்கவே ஆயுள் போயிற்று, மிச்சத்தையாவது தண்ணீரோரம் கழிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. விடுமுறை வந்தால் தூண்டிலும் கையுமாகக் கிளம்பிவிடுவார். "மீன் பைத்தியத்துக்கு வாழ்க்கைப்பட்டா கொசுக்கடி வாங்கித்தான் ஆகணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மனைவியும் கூட வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து டீ கலக்கிக் கொடுப்பாள். ஓய்வுக்குப் பிறகு எங்கே குடிபோவது என்று இருவரும் சேர்ந்துதான் இடம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆற்று முகத்துவாரத்தில் ஒரு வீடு பார்த்தார்கள்; அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மீனைவிடத் தூண்டில்காரர்கள் அதிகம். அணைக்கட்டுப் பக்கம் இன்னொன்று; வாசலுக்கு எதிரிலேயே மீன் பிடிக்கத் தடை என்று பலகை நட்டிருந்தார்கள். மூன்றாவது இடத்தைப் பார்ப்பதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மகள் தன்னோடு வந்துவிடும்படி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் இருப்பது நகரத்தில், எட்டாவது மாடி. அந்த வட்டாரத்தில் தண்ணீர் என்று சொல்ல, கீழே வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியும் அதில் நாலு தங்கமீனும்தான். அவர் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோதுதான் தரகர் இந்த வீட்டைக் காட்டினார். "ஒரு வாரம் சும்மா தங்கிப் பாருங்க சார். பிடிச்சிருந்தா பேசிக்கலாம், இல்லைன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிடுங்க." கரும்பு தின்னக் கூலியா?

ஒற்றை வீடு. வராந்தாவிலிருந்து புல் சரிவு, சரிவின் முடிவில் தண்ணீருக்குள் நீண்டு போகும் பலகைத் துறை. எதிர்க்கரையில் மரங்கள் மட்டும். வேறு தூண்டில்காரன் ஒருவனும் இல்லை, அது அவருக்குப் பரம சந்தோஷம். ஒரு கொக்குகூட இல்லை. அது உறுத்தியிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே இரை போட ஆரம்பித்தார். பெரிய கெண்டைக்கு எடுத்த எடுப்பில் தூண்டில் முள் போடக் கூடாது. தவிட்டையும் பிண்ணாக்கையும் பிசைந்து உருட்டி, தினமும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், வெறும் இரையை மட்டும் போட்டுப் பழக்க வேண்டும். முதலில் சந்தேகத்தோடு மோந்து பார்க்கும். அடுத்த நாள் கொஞ்சம் தின்னும். அப்புறம் அந்த வேளை வந்தாலே தானாக வந்து காத்திருக்கும். அதன் பயம் முழுக்கத் தெளிந்த பிறகுதான் உருண்டைக்குள் முள். அவசரக்காரனுக்குத் தவளைதான் மாட்டும் என்று கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். துறையின் நுனியில் நின்று உருண்டைகளை ஒவ்வொன்றாக வீசினார். தண்ணீர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

மறுநாளும் பொழுது சாயும் வேளையில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே, சமையலறையில், ஸ்பூன் சத்தம் கேட்டது. டம்ளருக்குள் சர்க்கரை சுற்றிச் சுற்றிக் கரையும் சத்தம், பிறகு ஸ்பூனை விளிம்பில் தட்டும் சத்தம். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. அப்படித் தட்டுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். எந்த மாடியில் எந்தக் கப்பி முனகுகிறது என்று தரைத்தளத்தில் நின்றபடியே சொல்லிவிடும் காது அவருடையது. அந்தக் காது ஏமாறாது.

எழுந்து போனார். சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பு அணைந்தே கிடந்தது, காலையில் கழுவிக் கவிழ்த்த டம்ளர் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆனால் அந்த இடத்தில், அவள் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை அசையாமல் நின்றது. அதற்கு அடியில், மெலிதாக, அடிச்சேற்று வாடை. பயந்தார்தான், பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது. எவ்வளவு காலமாயிற்று அந்தத் தட்டலைக் கேட்டு!

"நீயா?" என்றார்.

கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் மதியமே முகச்சவரம் செய்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். யாருக்காக என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இரையை வீசிவிட்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைத் தொடவில்லை, தொடாமலே அதன் சூடு கைக்கு வந்தது. தைல வாசனையும் வந்தது. அவர் பேச ஆரம்பித்தார். முதலில் வானிலை, அப்புறம் மீன். அப்புறம், அவள் போன பிறகு சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி இல்லாமல் போனது, இரவு கூடத்து விளக்கை அணைக்காமலே தூங்குவது. மகள் தனியாகக் குழந்தையை வளர்க்கும் பாடு. பேத்தி பட்டாணிக்கு முன்பல் விழுந்தது, விழுந்த பல்லை அவள் தாத்தாவுக்கென்று டப்பாவில் எடுத்து வைத்திருப்பது. அதைச் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்து, வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் காதுக்கே புதிதாக இருந்தது. பக்கத்தில் பிரம்பு நாற்காலி முனகியது. இன்னும் நன்றாகக் கேட்பதற்காக யாரோ முன்னால் சாய்ந்ததைப் போல.

இருட்டியதும் மகள் போன் செய்தாள்.

"முடிவு பண்ணிட்டீங்களாப்பா?"

"இன்னும் ரெண்டு நாள் போகட்டும்மா."

"எட்டாவது மாடின்னா என்னப்பா? ஆயுசு முழுக்க லிஃப்ட்லயே இருந்தவர்தானே நீங்க?"

"அதான் இறங்கிடலாம்னு பாக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. "அங்க தனியா உக்காந்து என்னப்பா பண்ணப் போறீங்க? இங்க பட்டாணி தாத்தா எப்ப வருவார்னு பிச்சு எடுக்குறா."

நான் தனியா இல்லம்மா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். அன்று ஒரு முறைகூட விழிக்காமல் தூங்கினார். விடிந்ததும் மனம் தெளிவாக இருந்தது. இந்த வீடுதான். மகளிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பதுதான் பாக்கி.

சாயங்காலம் உருண்டைகளோடு துறைக்குப் போனார். நுனிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கெண்டைகள். வரிசை வரிசையாக, முதுகும் முதுகும் உரச, வாயை மேலே தூக்கித் திறந்து மூடிக்கொண்டு காத்திருந்தன. அவர் இன்னும் எதையும் வீசவில்லை.

"பழகிட்டீங்களாடா?" என்று சிரித்தார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

ஒரே இடம். ஒரே வேளை. முதல் நாள் கொஞ்சம் சூடு. மறுநாள் ஒரு சத்தம், ஒரு வாசனை. கூப்பிடவில்லை, பிடிக்கவில்லை, பயமுறுத்தவில்லை. அவர் மோந்து பார்க்கும்வரை காத்திருந்தது. பிறகு கொஞ்சம் தின்னக் கொடுத்தது. வேளை வந்ததும் சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு, தானாக வந்து உட்கார்ந்தது யார்?

அட, கடவுளே.

கையிலிருந்த உருண்டை நழுவித் தண்ணீரில் விழுந்தது. ஒரு மீனும் அதைத் தொடவில்லை. அத்தனை வாயும் ஒரே சமயத்தில் மூடின. அத்தனையும் ஒரே சமயத்தில் கீழே இறங்கின. தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது.

வீட்டுக்குள் ஸ்பூன் தட்டியது.

பை உள்ளே இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். வராந்தாவை ஏறெடுத்தும் பார்க்காமல் புல்லின் ஓரமாகவே நடந்தார். ஓடக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், ஓடினால் கால் பின்னிக்கொள்ளும். காலணிக்குள் ஈரம் சளக் சளக் என்றது. தைல வாசனை பக்கத்திலேயே வந்தது, சேற்று வாடை இப்போது மேலே, வாசனை கீழே. கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது போனை எடுத்து மகளை அழைத்தார்.

"நான் வந்துடறேம்மா. எட்டாவது மாடிக்கே வந்துடறேன். எனக்கு ஏரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"என்னப்பா வெளையாடுறீங்களா? நாங்கதான் கிட்டத்தட்ட வந்தே சேர்ந்துட்டோமே."

"எங்க?"

"அங்கதான். நீங்கதானே மத்தியானம் போன் பண்ணி, பட்டாணியக் கூட்டிட்டு உடனே வா, பொழுது சாயறதுக்குள்ள வந்துடுன்னீங்க."

"நான் பண்ணலம்மா."

"அப்பா, உங்க குரல் எனக்குத் தெரியாதா? சிரிச்சுக்கிட்டே பேசுனீங்க. அம்மா போனதுக்கப்புறம் நீங்க சிரிச்சு நான் கேட்டதே இல்ல. அதுக்காகத்தான் லீவு சொல்லிட்டுக் கிளம்புனேன்." அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "பட்டாணி பல்லு டப்பாவைக்கூட எடுத்துட்டு வரா."

திரும்பிப் போ. அவர் சொன்னார். உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது. சத்தம் வரவில்லை. திரும்பிப் போம்மா. காற்று மட்டும்.

"அப்பா? ஹலோ?"

முதுகுக்குப் பின்னால், தண்ணீர்ப் பக்கமிருந்து, அவருடைய குரல் உரக்கக் கேட்டது. "வாம்மா, வா. துறையிலதான் இருக்கேன்."

"கேக்குதுப்பா. இதோ, வளைவுல திரும்பிட்டோம்."

கேட் கம்பியில் கை வைத்தார். அப்போதுதான் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், தோல் மட்டும் தனியாக எழும்பியது. வலிக்கவில்லை. இழுத்தது. முப்பது பேர் ஏறிய லிஃப்டைத் தாங்கும் கம்பிவடத்தைத் தொட்டுப் பார்த்தவர், இழுவிசை என்றால் என்னவென்று தெரிந்தவர். இதில் அவசரமே இல்லை. நிதானம். கை கம்பியைவிட்டு வந்தது. குதிகால் ஈரப் புல்லை உழுதுகொண்டு பின்னால் போயிற்று. போன் எங்கேயோ விழுந்தது. சரிவு. பலகை. பலகை. நுனி.

அங்கே நிறுத்தியது. வீட்டைப் பார்த்தபடி. கால்கள் பலகையில் ஊன்றியிருந்தன, மூச்சு வந்தது, எல்லாம் சரியாகவே இருந்தது. நகர மட்டும் முடியவில்லை.

அவர் நினைத்தது பாதிதான் சரி. பழக்கியது அவரைத்தான், ஆனால் தின்பதற்கு இல்லை. பெரிய வாளை மீனுக்கு உயிர் இரைதான் போடுவார்கள். சின்னக் கெண்டையாக ஒன்றைப் பிடித்து, கசக்காமல், முதுகுத் தோலில் மட்டும் முள்ளைக் கோத்துத் தண்ணீரில் விடுவார்கள். சாகாது. துடிக்கும். அது துடிக்கிற துடிப்பைப் பார்த்துத்தான் பெரியது வரும். எத்தனை கெண்டையை அவரே அப்படிக் கோத்திருக்கிறார்! அப்போதெல்லாம் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கேட் திறந்தது. காரின் விளக்குகள் புல்மேல் விழுந்து நின்றன. கதவு. மஞ்சள் மழைக்கோட்டு.

இரண்டு கைகளையும் தூக்கி வீசினார். வராதே. போ. போ. போ.

"அம்மா, தாத்தா கூப்பிடுறார்!"

பட்டாணி ஓடி வந்தாள். அவர் இன்னும் வேகமாக வீசினார். அவள் இன்னும் வேகமாக ஓடி வந்தாள். சரிவில் பாதி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துடிக்கிறோம்.

கைகளைத் தொங்கவிட்டார். அசையவில்லை. இமைக்கவில்லை. மரக்கட்டையாக நின்றார். மூச்சையும் பிடித்துக்கொண்டார். பலகை தொடங்குகிற இடத்தில் குழந்தையின் ஓட்டம் தயங்கி நின்றது.

"தாத்தா?"

பின்னால் மகளின் குரல் மாறியிருந்தது. "பட்டாணி, நில்லு. அங்கயே நில்லு. அப்பா, என்னாச்சு உங்களுக்கு?"

நில் கண்ணே. அப்படியே நில். அம்மா சொல்கிறாள் பார். திரும்பு. பயப்படு. என்னைப் பார்த்துப் பயப்படு. அவர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. குழந்தை ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.

தண்ணீருக்கடியிலிருந்து, மிக லேசாக, ஒரே ஒரு முறை சுண்டி இழுத்தது.

அவர் கைகள் இரண்டும் தாமாக மேலே எழுந்தன. விரிந்தன. வாயின் இரண்டு ஓரமும் காதுவரை இழுபட்டு, முகம் சிரித்தது.

"தாத்தா!" என்று கத்திக்கொண்டு, டப்பா கலகலவென்று ஆட, குழந்தை பலகைமேல் ஓடி வந்தாள்.