உதிரா வேலி

மழை ஓய்ந்து பத்து நாளாயிற்று. சொட்டுநீர்க் குழாயையும் அவரே மூடியிருந்தார். ஆயினும் வீட்டின் பின்புற வேலியில் நடுச்செடி மட்டும் அந்தி இறங்கும் நேரந்தோறும் நனைந்து நின்றது. மழையில் நனைவதுபோல் மேலிருந்து நனையவில்லை. உச்சி உலர்ந்திருக்க, அவர் இடுப்பளவுக்குக் கீழே மட்டும் இலைதோறும் நீர் திரண்டு, முத்தாகி, தன் பாரம் தாங்காது சொட்டிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். பாசி வாடை.

நில அளவையர் அவர். வாழ்நாளெல்லாம் ஊரார் எல்லைகளுக்குக் கல் நட்டவர், தம் வீட்டின் பின்புறத்தை மட்டும் திறந்தே விட்டிருந்தார். நாற்பது அடி நடந்தால் குளம்; அந்தக் காட்சிக்காகவே வாங்கிய வீடு. ஏழு வயது மகள், வீட்டார் வாயில் சிட்டு, சென்ற ஆண்டு ஓர் அந்தியில் அந்த நாற்பது அடியையும் தனியே நடந்து போனாள். திரும்பவில்லை. அன்று தொட்டு அவர் மனைவி, விளக்கைப் போடவும் மறந்து, அந்திதோறும் சமையலறைச் சன்னலில் நின்று அந்நீரையே பார்த்திருந்தாள். பெற்றது போயிற்று, பெற்றவளையும் அது அழைத்துக்கொள்ளுமோ என்ற அச்சம் அவர் நெஞ்சில் நெருஞ்சியாய்த் தைத்தது. குளம் கண்ணில் படாதிருந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று எண்ணினார்.

செடி வாங்கப் போன இடத்தில் நாற்றுப்பண்ணைக்காரர் பெரும் வாயாடி.

"மூங்கில் வைக்கலாம் சார், மளமளன்னு வரும். அப்புறம் வேர் உங்க அடுப்படிக்கே வந்து காப்பி கேக்கும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

"இலை உதிரக் கூடாது. வருஷத்துல ஒரு நாள்கூட அந்தப் பக்கம் தெரியக் கூடாது."

"அப்ப அரளி. ஆனா விஷம். வீட்ல குழந்தைங்க இருக்கா?"

"இல்ல" என்றார். சொன்ன நாக்கு நெடுநேரம் கசந்தது.

"எதுக்கும் தூஜா எடுத்துக்குங்க. என்னிக்கும் பச்சை. ஆறடிச் செடியே இருக்கு. நாலடிக்கு ஒண்ணு வைங்க. நெருக்கினீங்கன்னா உள்ள வெளிச்சம் போகாது. வெளிய பச்சை, உள்ள வெறும் சுள்ளி."

பிறர் நிலத்தில் விரற்கடை பிசகாதவர், தம் நிலத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றாய் இரண்டு வரிசை நட்டார், இரு பக்கச் சுவர்களையும் தொடும்படி. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஐந்தே மாதத்தில் இலையோடு இலை பின்னிக் குளம் மறைந்தது.

அவளோ சன்னலை விட்டு அகலவில்லை.

நனைந்த செடியை முகர்ந்த கையோடு உள்ளே வந்தவர் கேட்டார். "இன்னும் எதைம்மா பார்க்கிற? அதான் ஒண்ணும் தெரியலயே."

அவள் திரும்பாமலே சொன்னாள். "தினமும் கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டிருந்தா நம்ம சிட்டு. முதல்ல கரையில நின்னா. அப்புறம் பாதி வழி. நீங்க குழி தோண்டினதுக்கு முந்தின நாள், அந்த இடம் வரைக்கும் வந்துட்டா. இன்னும் பத்து எட்டு வச்சா வீடுதான்."

அவர் சன்னலருகே வந்து வேலியைப் பார்த்தார்.

"இப்ப அந்தப் பக்கம் நின்னு தள்ளிப் பார்க்கிறா. குழந்தைதானே, பலம் பத்தல. வழியை அடைச்சுட்டீங்களேங்க."

மறுநாள் அந்தியில் அலுவலகம் விட்டு வந்தபோது வீடு இருண்டிருந்தது. குழாயடியில் பாதி கழுவிய தட்டு. சன்னலில் யாருமில்லை. பின்கதவு திறந்து கிடந்தது. அதன் வழியே, நாள்பட்ட நீரின் மணமும், சுள்ளிகள் ஒவ்வொன்றாய் முறியும் மெல்லிய ஒலியும் வந்துகொண்டிருந்தன.

ஓடினார். நடுச்செடியின் கிளைகள் விலகியிருந்தன. அவள் மெலிந்த உடல் நுழையுமளவு பிளவு. தோளைச் செருகினார். உள்ளே இலையே இல்லை. பழுப்பு. இருள். காய்ந்த கிளைகள் சட்டையைப் பற்றின, தோலைப் பற்றின. அசைய முடியவில்லை. அவரே நெருக்கி நட்டவை.

சுள்ளிகளின் இடுக்கில் குளம் தெரிந்தது.

கரையை நோக்கி அவள் நடந்துகொண்டிருந்தாள். வலக்கை தாழ்ந்து, எதையோ பற்றி விரல் மூடியிருந்தது. அந்தக் கை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தது. அவள் வீசவில்லை. விளையாட்டாய் யாரோ அதை ஆட்டினார்கள்.

"நம்ம வீடு அடைச்சிருக்குடா கண்ணு" என்று பக்கவாட்டில் குனிந்து சொன்னாள். "உன் வீட்டுக்கே போலாம், வா."

"நில்லும்மா, நில்லு!" என்று சுள்ளிகளுக்குள்ளிருந்து கத்தினார்.

அவள் கேட்கவில்லை. கணுக்கால். முழங்கால். இடுப்பு. அலை எழவில்லை. நீர் மார்பைத் தொட்டதும் நின்றாள். குனிந்தாள். பிள்ளைக்கு மூச்சு முட்டாதிருக்கத் தாய் தூக்கிப் பிடிப்பதுபோல், இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினாள். பாரத்தால் அவள் தோள்கள் நடுங்கின.

மெல்ல அமிழ்ந்தாள். நெற்றி மறைந்தது. கூந்தல் மறைந்தது.

கைகள் மட்டும் தாழவில்லை. அவ்விரு கைகளுக்கும் நடுவே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, நனைந்த தலையிலிருந்து வடிவதுபோல, நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.