கடகட வீட்டுக்கு ஒரு நாய்

பட்டாணி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆள் சின்னவள் என்பதால் வீட்டில் அந்தப் பெயர். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் லேசில் விடமாட்டாள்.

அவள் அம்மா தையல்காரர். காலையிலிருந்து மாலைவரை முன்னறையில் மிஷின் ஓடும். அப்பா பஸ் ஓட்டுநர்.

"நாய்க்குட்டி பார்த்தாச்சு. உயர்ந்த ரகம். டிப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றார் அப்பா.

"நாய் டிப்போவுலயாப்பா இருக்கப்போகுது? பள்ளிக்கூடம் போற வழியில நாய்க் காப்பகம் இருக்கே, அங்க ஒரு கலப்பு நாய் இருக்கு. அதையும் பார்ப்போம்."

"ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிஞ்சு இருக்குமே, அதுவா?"

"அதேதான். எதுக்கு நம்ம வீடு ஒத்துவருதோ, அது வரட்டும்."

அம்மா நூலைப் பல்லால் கடித்தபடி, "அவ சொல்றது சரிதாங்க," என்றார்.

புறப்படும் முன் பட்டாணி, மிஷின் சத்தத்தை அம்மாவின் போனில் பதிவு செய்துகொண்டாள்.

குட்டி விற்பவர் வீட்டில் தங்க நிறக் குட்டி ஒன்று உருண்டு ஓடி வந்தது. பட்டாணிக்கே மனசு கரைந்துவிட்டது. இருந்தாலும் போனை எடுத்தாள். கடகடவென்று சத்தம் கேட்டதும் குட்டி நடுங்கியபடி நாற்காலிக்கு அடியில் ஓடி ஒளிந்தது.

சட்டென்று நிறுத்திவிட்டு, அதைத் தடவிக்கொடுத்தாள்.

"போகப்போகப் பழகிடும்டா," என்றார் அப்பா.

"பழகுற வரைக்கும் தினமும் பயந்துக்கிட்டே இருக்குமேப்பா."

விற்பவரும் தலையாட்டினார். "இது கொஞ்சம் பயந்த சுபாவம்தான். அமைதியான வீட்டுக்காரங்க ஒருத்தர் கேட்டிருக்காங்க. அங்க கொடுத்துடறேன், பாப்பா."

அடுத்து காப்பகம். கலப்பு நாய் பட்டாணியின் கையை முகர்ந்தது. மிஷின் சத்தம் கேட்டதும் மடிந்த காது மெல்ல எழுந்தது. பிறகு பெரிதாகக் கொட்டாவி விட்டு, அப்பாவின் காலடியில் படுத்துக்கொண்டது. அப்பா இரண்டடி தள்ளி நின்றார். அதுவும் எழுந்துபோய் அங்கேயே படுத்தது.

அப்பா குனிந்து அதன் கழுத்தைச் சொறிந்தார். "டிப்போவுல என்ன ரகம்னு கேட்டா என்னடா சொல்றது?"

"நாய்னு சொல்லுங்கப்பா."

அப்பா சிரித்துவிட்டார். காப்பகத்து அக்கா கயிற்றைப் பட்டாணியிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த நாய் ஒவ்வோர் அறையாகச் சுற்றிப் பார்த்தது. ஓடும் மிஷினுக்குப் பக்கத்தில் துண்டுத் துணிகள்மேல் ஒரு தூக்கம் போட்டது. எழுந்ததும் நேராக வாசலுக்குப் போய், அப்பாவின் புதுச் செருப்பை ஆசையாக முகர்ந்தது.

அப்பா செருப்பை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.