பன்னிரண்டாம் தொட்டியின் தண்ணீர்

நனைந்த குடையை மடக்கத் தெரியாமல் மடக்கி, அதிலிருந்த மழை முழுவதையும் அவள் மேஜைமேல் கொட்டிவிட்டுத்தான் அந்த டாக்டர் பேச்சையே ஆரம்பித்தான்.

"பன்னிரண்டாம் தொட்டித் தண்ணியில ஏதோ கோளாறுங்க. என் வார்டுல குழந்தைங்க வயித்துப்போக்கோட படுத்திருக்காங்க. எல்லாரும் அந்தத் தண்ணி வர்ற தெரு."

குடிநீர் அலுவலகத்தில் தொட்டிகளின் கணக்கு அவள் பொறுப்பு. ஒவ்வொரு தொட்டியிலும் இருக்கும் கருவி, தண்ணீரிலுள்ள குளோரின் அளவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸுக்கு அனுப்பும். போன வாரம்தான் ஒரு வருட அளவுகளை மொத்தமாக எடுத்து, எக்செல்லில் திறந்து, குறைவானவை உண்டா என்று வடிகட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட வரவில்லை. எல்லாத் தொட்டியும் சரி என்ற அறிக்கையில் தலைமை இன்ஜினியர் கையெழுத்தும் போட்டாயிற்று. தலைமை இன்ஜினியர் வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அப்பாதான்.

"இதோ ரிப்போர்ட். ஒரு குறையும் இல்ல" என்று நீட்டினாள்.

அவன் நிதானமாகப் படித்தான். பிறகு நிமிர்ந்தான். தூக்கம் கெட்டுச் சிவந்த கண்கள்... ஆனால் துளிக் கோபமில்லாமல் அவளையே பார்த்தன. கோபப்பட்டிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

"பேப்பர் ரொம்ப நல்லா இருக்குங்க... பாவம், குழந்தைங்களுக்குத்தான் படிக்கத் தெரியல."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன திமிர்! அந்தத் தொட்டியின் அளவுகளை மட்டும் தனியாக எடுத்து அவன் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும்... தேடினாள். பன்னிரண்டாம் தொட்டி என்று ஒரு வரிகூட இல்லை. பதினொன்றும் இல்லை.

கடைசி வரிக்குப் போனாள். பத்தாம் தொட்டியின் கணக்கு, வருடம் முடியாமலே அறுந்து நின்றது. எக்செல் பத்து லட்சத்துச் சொச்சம் வரிகள்தான் ஏற்கும், மிச்சத்தை விட்டுவிடும். கோப்பைத் திறந்தபோது திரையில் ஒரு சின்னப் பெட்டி அதைச் சொல்லியும் இருந்தது. தினம் இப்படிப் பத்துப் பெட்டி வருகிறதே என்று படிக்காமல் ஓகே தட்டியவள் அவள்தான். வராத வரிகளில் குறை எப்படித் தெரியும்?

இந்த முறை வரிகளைக் கேட்கவில்லை. கூட்டிக் கழிக்கும் வேலையை டேட்டாபேஸிடமே விட்டாள்... தொட்டிவாரியாக, மாதவாரியாக, எத்தனை அளவுகள் வந்தன, மிகக் குறைந்தது எது? பதில் சில பக்கங்களுக்குள் அடங்கியது. பன்னிரண்டாம் தொட்டியில் கடைசி மாதம் குளோரின் இல்லவே இல்லை என்கிற நிலைக்குப் போயிருந்தது.

அலுவலகத்தில் அப்பாவை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். அன்று அறைக்குள் நுழைந்ததும் "அப்பா" என்றாள்.

முழுக்கக் கேட்டார். "குளோரினை இப்பவே சரிபண்ணச் சொல்றேன். வெளியே மூச்சு விடாதே."

"டாக்டருக்குச் சொல்லணும்ப்பா. அந்தத் தெரு இந்த நிமிஷமும் அதைத்தான் குடிக்குது."

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப்போறேன். இத்தனை வருஷத்துல என் கையெழுத்து பொய்யானதே இல்ல... உன் கணக்கை நம்பித்தானேம்மா போட்டேன்?"

அவள் உடைந்துபோனாள். அப்பாவின் மானமா, யாரோ பெற்ற பிள்ளைகளா... அழுதுகொண்டேதான் படியிறங்கினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

"நான் காட்டின ரிப்போர்ட் தப்பு. தண்ணி கெட்டிருக்கு. நான்தான் சரியாப் பார்க்கல."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவனோ, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டான். உடனே போனை எடுத்து, தெரு முழுக்கத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்ல ஆள் அனுப்பினான். அப்புறம்தான் ஒரு துண்டை எடுத்து நீட்டினான்.

"தலையைத் துவட்டுங்க. நீங்களும் படுத்துட்டா இங்க பெட் இல்ல."

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

விசாரணை வந்தது. அப்பா ஒரு மாலைகூட இல்லாமல் ஓய்வு பெற்று வீடு வந்தார். அவளிடம் பேசுவதை நிறுத்தினார். அவள் தினமும் சாயங்காலம் தொட்டியின் அன்றைய அளவை டாக்டரிடம் நேரில் போய்ச் சொன்னாள். கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசிக் குழந்தை வீட்டுக்குப் போன பிறகும் அவள் போனாள்.

"எல்லாம் சரியாயிடுச்சே... இதைப் போன்லயே சொல்லலாமே?" என்றான் ஒரு நாள்.

"சொல்லலாம்..." என்றவள் தரையைப் பார்த்தாள்.

"அப்பா பேசினாரா?"

"இல்ல. நான் தட்டு வெச்சா சாப்பிடக்கூட வர்றதில்ல."

"நான் வீட்டுக்கு வரட்டுமா? தண்ணியைப் பத்திப் பேச இல்ல... உங்களைக் கேட்க."

"உங்களாலதான் எல்லாம்னு நினைச்சிட்டிருக்கார். கதவைச் சாத்திடுவார்."

"சாத்தட்டும். மறுநாளும் வருவேன். உங்களுக்குப் பிடிச்சிருக்கா, அதை மட்டும் சொல்லுங்க."

"பிடிச்சிருக்கு..." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "ரொம்பப் பிடிச்சிருக்கு. அவசியம் வாங்க. உங்களைத் திட்டுறதுக்காவது அப்பா என்கிட்ட வாயைத் திறப்பார்ல..."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கே போலாம்" என்றான்.