வண்டியில்லாதவளின் வண்டிக் காப்பீடு

2097 பிப்ரவரி 4, திங்கட்கிழமை காலை 10.40 மணிக்கு, ஈரோட்டில் வசிக்கும் அ. வளர்நாயகியின் (வயது 61) கையோட்டு உரிமம் எட்டு மாதங்களுக்கு முடக்கப்பட்டது. குற்றம்: நிறைவேற்றாத பயண அறிவிப்புகள். எண்ணிக்கை: 312.

அப்போது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சமையலறைச் சுவர் உத்தரவை இரண்டு முறை வாசித்துவிட்டு, மூன்றாம் முறை வாசிக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றாள்.

சொந்தமாக வண்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அழைத்தால் வரும், இறக்கிவிட்டுப் போய்விடும். அழைவண்டி என்று பெயர். அதில் ஏற உரிமம் தேவையில்லை. திம்பம் மலைப்பாதை மட்டும் விதிவிலக்கு. யானைகளின் நிம்மதிக்காக அந்தக் காட்டுக்குள் அலைக்கோபுரம் எதுவும் கூடாது என்பது சட்டம், அலை இல்லாத இடத்தில் அழைவண்டிக்குக் கண் தெரியாது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்து ஏற்றித்தான் ஆக வேண்டும். ஸ்டியரிங் வைத்த மலைவண்டிகள் மாவட்டத்துக்கே நான்கு. ஒரு பயணம் முடிவதற்குள், வண்டியின் காதில் விழும்படி அடுத்த பயணத்தை வாயால் அறிவித்துவிட வேண்டும். அப்போதுதான் வண்டி ஒதுக்கப்படும்.

வளர்நாயகி முப்பது வருடம் மலைக்கிராமங்களில் பால் சேகரிக்கும் வண்டி ஓட்டியவள். ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகும் உரிமத்தைப் புதுப்பித்து வந்ததற்கு ஒரே காரணம் கணவர் அர்த்தநாரி. மூளையில் நினைவுச் சில்லு பொருத்திக்கொண்ட முதல் ஆட்களில் அவர் ஒருவர். சில்லு கெட்டு, நினைவு உதிரத் தொடங்கியது. அலை படும் இடத்தில் இருந்தால் தலைக்குள் ஓயாத இரைச்சல். அதனால் மலைமேல் தாளவாடிப் பக்கம் ஒரு காப்பகத்தில் ஆறு வருடமாக இருக்கிறார். ஞாயிறுதோறும் காலையில் அவள் போவாள். மாலையில் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசல்வரை வந்து நிற்கும் அவரிடம், "போயிட்டு வர்றனுங்க" என்பாள்.

குற்றம் அதுதான்.

பழைய மொழிப்பொறி அதை விடைபெறுதல் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்தது. ஜனவரியில் புதிய பொறி வந்தது. வட்டார வழக்குகள் உட்படத் தமிழை ஓர் எழுத்து விடாமல் புரிந்துகொள்ளக்கூடியது என்று அதற்கு விழா எடுத்தார்கள். அது பழைய ஒலிப்பதிவுகளையெல்லாம் ஒரே இரவில் கேட்டு முடித்தது. போய்விட்டு வருகிறேன் என்று 312 முறை அறிவித்த இந்தப் பெண் ஒரு முறைகூட அன்று திரும்பி வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தது. மலைப்பாதை ஓட்டும் மற்றவர்கள் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறவர்கள். வண்டியின் காதில் விழும்படி விடைபெற அவர்களுக்கு அங்கே யாரும் இல்லை.

முடக்கக் காலத்துக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. எட்டு மாதமும் ஓட்டுநர் பெயரில் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனாலும் எட்டு மாதம் முதலிலிருந்து தொடங்கும். வளர்நாயகி ஆறு நிறுவனங்களில் விசாரித்தாள். ஆறும் முதல் கேள்வியாக வண்டி எண்ணைக் கேட்டன. வண்டி இல்லை என்றதும் அவை சொன்ன தொகை அவளுடைய ஓய்வூதியத்தைவிட அதிகமாக இருந்தது.

"வண்டியே இல்லாதவளுக்கு எதுக்குங்க இத்தனை?" என்று கடைசியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த தரகர் எப்சிபாவிடம் கேட்டாள்.

"வண்டி இருந்தா அது எங்க நிக்குதுன்னு பாத்துக்குவாங்கக்கா. இல்லாதவங்க எந்த வண்டிய வேணாலும் எடுப்பீங்கல்ல? அந்தப் பயந்தான்." எப்சிபாவுக்கு நாற்பது வயதிருக்கும். மனிதத் தரகர்கள் ஊரில் மூன்று பேர் மிச்சம். பொறிகள் கைவிட்டவர்கள்தாம் அவளிடம் வருவார்கள். "ஒரு வழி இருக்குது. சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

மேசை இழுப்பறையிலிருந்து மிளகளவு மணி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"சொல்மணி. காதுக்குப் பின்னால தோலுக்கு அடியில வைப்பாங்க. நீங்க என்ன சொல்றீங்க, சொன்னதச் செய்யறீங்களான்னு பாத்துக்கிட்டே இருக்கும். சொல்நம்பகம்னு ஒரு மதிப்பெண். ஏற ஏறக் கட்டணம் எறங்கும். எட்டாவது மாசம் கால்வாசிதான் கட்டுவீங்க."

"எறங்குனா?"

"தொண்ணூறுக்குக் கீழ போச்சுன்னா காப்பீடு ரத்து. பொய்யி சொல்லாம இருந்தாச் சரிக்கா."

"நான் எப்ப எப்சிபா பொய் சொன்னேன்?"

எப்சிபா சிரித்தாள். "எல்லாரும் இதேதான் கேப்பாங்க."

முதல் வாரமே மதிப்பெண் நூறிலிருந்து தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. குளித்துக்கொண்டே, கதவைத் தட்டியவரிடம் "இதோ வந்துட்டேன்" என்றதற்கு அரைப் புள்ளி. காய்கறி வண்டியிடம் "அப்பறமா வாங்கிக்கறேன்" என்றதற்கு அரை. பக்கத்து வீட்டு மரகதத்திடம் "சாயங்காலமாப் பேசலாம்" என்று மூன்று முறை சொன்னதற்கு மூன்று. பொய் பிடிபட்டபோதெல்லாம் காதுக்குப் பின்னால் வெந்நீர்ச் சொட்டு விழுந்தாற்போல் சுட்டது. பிறகு வாயை அடக்கப் பழகினாள்.

மே மாதம் மரகதம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தாள். தட்டில் வைத்து, குங்குமம் கொடுத்து, "குடும்பத்தோட வந்துரோணுமுங்க" என்றாள். வளர்நாயகி கண்ணாடி போட்டுத் தேதியைப் பார்த்தாள்.

"வரமாட்டேன் மரகதம். எனக்குக் கூட்டம் ஆகறதில்ல."

"வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்னவாமா? வராட்டிப் போச்சு! நானென்ன ஆள் எண்ணவா போறேன்?"

"அதாம் மரகதம். சொல்ல முடியாது."

"நாக்குல சாணை புடிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று மரகதம் தட்டை எடுத்துக்கொண்டாள். பத்திரிகையை வைத்துவிட்டுத்தான் போனாள். அதன்பிறகு அந்த வீட்டுக் கதவு இந்தப் பக்கம் திறக்கவில்லை. தெருவில் மற்றவர்களும் அவளைக் கண்டால் ஒதுங்கினார்கள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் மூட்டுவலியைச் சொல்கிறவளிடம் யார் நின்று பேசுவார்கள்?

மதிப்பெண் ஏறியது. கட்டணம் குறைந்தது.

காப்பகத்தில் கம்பித் தொலைபேசி ஒன்று இருந்தது. ஞாயிறுகளில் பேசுவாள். முதலில் அரை மணி நேரம் பேசியவர், ஜூன் வாக்கில் ஹலோ சொல்லிவிட்டு ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். குரலை மட்டும் கொண்டு ஓர் ஆளைக் கட்டி நிறுத்த அவரால் முடியவில்லை.

ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, காப்பகச் செவிலி மாதேவியே அழைத்தாள்.

"அம்மா, அய்யா மூணு நாளாச் சாப்புடலைங்க. கேட்டுலயே நிக்கறாரு. போயிட்டு வர்றேன்னுதான் சொல்லிட்டுப் போனா, வந்துருவாங்கறாரு. நீங்க நாளைக்கு வர்றேன்னு மட்டும் சொல்லுங்க, சாப்புட்ருவாரு."

"நாளைக்கு நான் வர முடியாதே, மாதேவி."

"தெரியுமுங்கம்மா. நாளைக்கு அவருக்கு மறந்துரும். நாளான்னைக்கு மறுபடி சொல்லிக்கலாம்."

"நீ சொல்லும்மா."

"நேத்தே சொன்னேன். நீ யாரு அவளுக்காகச் சொல்றதுக்குன்னு கேட்டுட்டாரு."

மதிப்பெண் அப்போது தொண்ணூற்றேழு. நாள் குறித்துச் சொல்லும் பயணப் பொய்க்கு எட்டுப் புள்ளி என்று காப்பீட்டுத் தாளில் தனியாகவே அச்சிட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் எண்பத்தொன்பது. ரத்து. மறுபடி எட்டு மாதம், அடுத்த மார்ச். அவர் தாங்கமாட்டார். அவள் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோதே ரிசீவர் கை மாறிவிட்டது.

"நாயகியா?"

"ஆமாங்க, நான்தான்."

"எப்ப வர்றே?"

பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்த சொல்லை அவள் பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"அக்டோபர் ஆறாந்தேதிங்க. காலைல ஒம்பது மணிக்கு வருவேன்."

"அக்டோபருன்னா எத்தனை ராத்திரி?"

சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து எண்ணினாள். அவர் காத்திருந்தார்.

"எம்பத்திநாலுங்க."

"எம்பத்திநாலு" என்றார். ரிசீவரை வைத்துவிட்டார்.

அன்று மதியம் அவர் சாப்பிட்டார் என்று மாதேவி பிறகு சொன்னாள். யாரைப் பார்த்தாலும் எம்பத்திநாலு என்கிறாராம். மறுநாளும் எம்பத்திநாலு என்றார். செப்டம்பரிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 4 வெள்ளியன்று முடக்கம் நீங்கியது. சொல்நம்பகம் தொண்ணூற்றொன்பது, கட்டணத்தில் கடைசிப் படி. எப்சிபா மைசூர்பாகு வாங்கி வந்து கொடுத்தாள். "மாவட்டத்துலயே நீங்கதாங்கக்கா மொத ஆளு. ஒண்ணு விட்டது எதுக்குன்னு கேளுங்க."

"எதுக்கு?"

"ஒரு தடவ தூக்கத்துல பேசியிருக்கீங்க. வந்தாச்சு, கேட்டைத் தொறங்கன்னு."

ஞாயிறு காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் காப்பக வாசலில் வண்டியை நிறுத்தினாள். ஒன்பதாகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினாள். அர்த்தநாரி கேட்டுக்குப் பின்னால் நின்றார். மெலிந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டிருந்தன. அவளை வெகுநேரம் பார்த்தார். முகத்தின் ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்வதுபோல் இருந்தது.

"நாயகி" என்றார். "கறுத்துப் போயிட்டே."

அன்று முழுவதும் அவள் கையால் சாப்பிட்டார். பால்வண்டி ஒரு முறை சேற்றில் சிக்கிய கதையை அவரே சொன்னார், பாதிவரை. மாதேவி அவளைத் தனியே அழைத்து, "நம்பவே முடியலைங்கம்மா. ஆனா ஒரு நூலுதான் இருக்குது. வாரத்துக்கு ஒருக்கா மொகத்தப் பாத்தா நிக்கும். அடுத்த ஞாயிறு விட்றாதீங்க" என்றாள்.

மாலையில் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பொறிக்கும் அவருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கெழம வர்றனுங்க."

இந்த முறை அது உண்மை. மணி சுடவில்லை.

அக்டோபர் 9 அன்று வழித்தடப் பதிவகம் ஓர் ஆணை வெளியிட்டது. பண்டிகை விடுமுறையில் மாநிலம் முழுக்க உறவினர் வீடுகளுக்குப் போனவர்கள் எல்லோரும் போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப, அத்தனை பேருக்கும் திரும்பு வண்டி ஒதுக்கப்பட்டது. ஆளில்லா வண்டிகள் நெடுஞ்சாலைகளில் இரண்டு நாள் வரிசையில் நின்றன. ஆகவே பொறி திருத்தப்பட்டது. சொல்லப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட நிறைவேறாத தொடர்கள் இனிப் பொருளற்றவை எனக் கொள்ளப்படும். அவற்றின் பட்டியல் 1,140 தொடர்களோடு வெளியானது. போயிட்டு வர்றேன் முதலாவது. கண்டிப்பா வந்துடறேன், ஒருநாள் வீட்டுக்கு வாங்க, நானே கூப்பிடறேன் எல்லாம் இருந்தன. அந்தச் சொல்லால் உரிமம் முடக்கப்பட்டவர்கள் விடுவிக்கப்படுவார்கள். தண்டனையை முடித்துவிட்டவர்களுக்கு இது பொருந்தாது.

பட்டியலை வளர்நாயகி படிக்கவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வாழைக்காய் வறுவலைத் தூக்கில் எடுத்துக்கொண்டு தெருவில் வந்து நின்றாள். ஏழு வரை நின்றாள். பிறகு எப்சிபாவை அழைத்தாள்.

எப்சிபா பதிவகத்தின் பட்டியலைத் தேடிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க அறிவிப்பே பதிவாகலை. பட்டியல்ல அறுநூத்திப் பதினொண்ணுல இருக்குது. அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன். முதியோர் இல்லம், காப்பகம், ஆஸ்பத்திரி, இந்த மாதிரி வாசல்ல சொன்னாப் பொருளற்றதாம்."

"ஏன்?"

"சொன்னவங்கள்ல நூத்துக்கு ஆறு பேருதான் போயிருக்காங்களாம்."

"எனக்குத்தான் தொண்ணூத்தொம்பது இருக்குதே."

"அது காப்பீட்டுக்குங்கக்கா. வண்டி ஒதுக்கற பொறி ஆளைப் பாக்கறதில்ல, சொல்ல மட்டுந்தான் பாக்கும்."

நான்கு மலைவண்டிகளும் அன்றைக்கு வேறு ஆட்களுக்குப் போயிருந்தன. எப்சிபா இடைவிடாமல் முயன்று, அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றை எழுத்து மூலம் பெற்றுத் தந்தாள்.

வளர்நாயகி காலை ஒன்பது மணிக்குக் காப்பகம் சேர்ந்தாள். அர்த்தநாரி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வேற்றாள் ஒருவர் வருவதைக் கண்டு மரியாதையாக எழுந்து, பக்கத்து நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார்.

"உக்காருங்கம்மா. நீங்க எந்த ஊருங்க?"

"ஈரோடுங்க" என்றாள்.