ஓடன் நின்ற இடம்

“உனக்கு எதைக் கண்டா பயம்?”

அமலியிடம் இப்படிக் கேட்டவன் கிளாட்வின். அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கடலில் மிதக்கும் எட்டாம் மேடையில் ஒருவர் இன்னொருவரிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. தொட்டிலில் குழந்தை வீறிட்டு எழுந்தால்கூட அங்கே ‘அழாதே’ என்று யாரும் சொல்வதில்லை. ‘சொல்லாதே, சொல்லாதே’ என்றுதான் தட்டித் தூங்கவைப்பார்கள். பேச்சு வராத பிள்ளைக்கும் முதல் பாடம் அதுதான்.

அமலியின் காலைகள் எல்லாம் ஒன்றுபோலவே விடியும். நன்னீர் ஆலையின், கடல்நீரை வடிக்கும் சவ்வுத்தட்டுகளில் படிந்த பாசியைச் சுரண்டிக் கழுவுவது அவள் பிழைப்பு. வேலைக்குப் போகுமுன் மேடையின் நடுவிலிருக்கும் வார்ப்பறைக்குப் போவாள். மனத்தைப் படிக்கும் நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக உட்காருவாள். கண்ணை மூடியதும் ஓடன் எதிரே வந்து நிற்கும்.

ஓடன் அவளுடைய பூதம். ஆமை உடம்பு, ஆனைக் கால், ஓட்டின் மேல் ஒரு சிறு பவளப்பாறை. வெறும் ஒளிதான், எடை கிடையாது, வாசனை கிடையாது. ஆனாலும் அவள் வந்து உட்கார்ந்ததும் கழுத்தை நீட்டி மூக்கால் அவள் முழங்காலைத் தேடும். ஒன்பது வருடமாக வளர்க்கிறாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாமல் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு, பேசாமலே புரிந்துகொள்ளும் ஒரு ஜீவன் கிடைத்தது பெரிய காரியம்.

“ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. இங்க டீமுக்குள்ளயே புகுந்துட்டு,” என்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லூர்து அக்கா. அவளும் மேடையின் பூதப்போட்டி அணியில் இருந்தாள். அவளுடைய பூதம் சுழலி, மின்னல் அடிக்கும் விலாங்கு. “பேரு மட்டும் ஓடன். எங்க, ஓடச் சொல்லு பாப்போம்.”

“அவன் ஓடமாட்டான்க்கா. நிப்பான்.”

“அதத்தான் சொல்லுதேன். அப்படியே உன்னய உரிச்சு வச்சிருக்கான்.”

கிண்டலானாலும் அது உண்மை. பூதத்தைக் கடையில் வாங்க முடியாது, மனத்திலிருந்துதான் வார்க்க முடியும். பொறுமைசாலியின் பூதம் அடி தாங்கும். கோபக்காரரின் பூதம் பாயும். வளர்ப்பவர் எதற்குப் பயப்படுகிறாரோ அது எதிரே வந்தால் பூதமும் உறைந்துவிடும். எந்தச் சாஃப்ட்வேராலும் இதை நீக்க முடியவில்லை. அடிபட்டு விழுந்த பூதத்தை மறுநாள் சர்வர் எழுப்பிவிடும். பயத்தில் உறைந்து விழுந்த பூதம் எழாது. வார்ப்பு உடைந்துபோகும்.

வெறும் விளையாட்டாக இருந்தால் இதெல்லாம் பிள்ளைகளின் கவலையோடு போயிருக்கும். கடல் ஏறிக் கரையை விழுங்கி, ஜனங்கள் மிதக்கும் மேடைகளில் குடியேறிய புதிதில் நல்ல தண்ணீருக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். பிணங்களை எண்ணி அலுத்த பிறகு, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த பூதக்களத்தையே பஞ்சாயத்தாக வைத்துக்கொண்டார்கள். பத்து மேடைகளுக்கும் ஒரே நன்னீர் ஆலை. வருடப் போட்டியில் வென்ற மேடைக்கு முதல் பங்கு. கடைசியில் நிற்கும் மேடைக்கு உப்புக் கரிக்கும் மிச்சம். எட்டாம் மேடை வெகுகாலமாக அந்த மிச்சத்தைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் உப்புப் புண் ஆறியதேயில்லை.

ஆகவே பயத்தைப் புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லமாட்டான், மகள் தாயிடம் சொல்லமாட்டாள். அதைக் கேட்க உரிமையுள்ளவர் மேடைக்கு ஒருவர், அணிகட்டி. ஒரு பூதத்தின் ஓட்டையை இன்னொரு பூதம் அடைக்கும்படி அணியைக் கட்டுவது அவர் வேலை. அவர் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பயத்தைக் கேட்டுக்கொண்டவர், பத்திரமாக வைத்திருப்பேன் என்ற பொருளில் ‘வச்சுக்கிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். பிறகு அணிகட்டியும் தன் பயத்தைச் சொல்லி, அதே வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வார்த்தை வந்து விழும்வரை சொன்னவருக்கு மூச்சு நெஞ்சிலேயே நிற்கும்.

கிளாட்வின் எட்டாம் மேடையின் அணிகட்டி ஆனபோது முதலில் தேடி வந்தது அமலியைத்தான். சவ்வுத்தட்டுகள் காயும் இடத்தில், அவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டான்.

அவள் வெகுநேரம் தட்டையே சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“யாராவது ஒண்ணுஞ்சொல்லாம எந்திச்சுப் போனா.”

அவன் சிரிக்கவில்லை. காத்திருந்தான்.

“அம்மா தல பின்னிக்கிட்டு இருந்தா. ஒரு பக்கம் பின்னியாச்சு. ரிப்பன் எடுத்துட்டு வான்னா. எடுத்துட்டு வந்தேன். ஆளக் காணோம். படகு போயிருந்துச்சு.” அமலி மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். “மறு பக்கத்த நானே பின்னிக்கிட்டேன்.”

“வச்சுக்கிட்டேன்,” என்றான் கிளாட்வின்.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பிறகு அவன் முறை.

“எனக்கு நெருப்பு. அப்பா படகுல இன்ஜின் பத்திக்கிச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன்.”

சொல்லிவிட்டு, அவள் பதிலுக்கு இயல்பாக மூச்சு விட்டபடி காத்திருந்தான். எவ்வளவு தைரியசாலி என்று அமலி நினைத்துக்கொண்டாள்.

“வச்சுக்கிட்டேன் அண்ணே.”

வைத்துக்கொண்டதோடு அவள் நிற்கவில்லை. போட்டி ஜோடி ஜோடியாக நடக்கும். கிளாட்வினின் பூதம் கொடுவாயன், கத்தி போன்ற அலகுள்ள பறவை, அடிப்பதற்கென்றே பிறந்தது. அதன் முன்னால் நின்று நெருப்பை வாங்கிக்கொள்ள ஓடனைப் பழக்க வேண்டும். பூதத்துக்கு நெருப்புக் கூச்சம் போக வேண்டுமானால் வளர்ப்பவளுக்குப் போக வேண்டும். நெற்றிப்பட்டையோடு அடுப்படியில் உட்கார்ந்து அமலி உள்ளங்கையைத் தீயில் காட்டினாள். முதலில் கை தானாகப் பின்னால் வந்தது. போகப் போக வருவதை நிறுத்திக்கொண்டது. கொப்புளம் வெடித்த கையோடு பாசி சுரண்டினாள். உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும்.

“கையில என்னட்டி?” என்று லூர்து அக்கா கேட்டாள்.

“ஆவி பட்டுட்டுக்கா.”

கிளாட்வினும் தன் பங்குக்கு வாக்குத் தவறவில்லை. களத்தில் ஒரு பூதம் அடிபட்டுக் களைத்தால் மூச்சு வாங்க வெளியே விலகலாம். விலகிய நேரம் கூட்டாளி தனியாக நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் விலகுமுன் அமலியின் காதுக்கருவியில் அவன் குரல் வரும். “வெலகுதேன் அமலி.” அந்த இரண்டு வார்த்தை கேட்டதும் ஓடன் நான்கு கால்களையும் அகட்டி ஊன்றிக்கொள்ளும். அந்த இரண்டு வார்த்தையின் பலத்தில் எட்டாம் மேடை ஆறாம் மேடையை வென்றது, ஒன்றாம் மேடையை வென்றது, கேள்விப்பட்டவர்கள் நம்பாமல் மறுபடி கேட்க, இறுதிப் போட்டிக்கே வந்து நின்றது.

இறுதியில் எதிரணி மூன்றாம் மேடை. அவர்களிடம் அனலி இருந்தது. படம் விரித்தால் களத்திரை முழுவதும் சிவக்கும் பாம்பு. அதன் எரிமழையைத் தாங்கிய பூதம் கிடையாது. ஆனால் ஒரு போட்டியில் ஒரே தடவைதான் அதைப் பொழிய முடியும். பொழிந்தபின் சற்று நேரம் வெறும் கயிறு. அதனால் அவர்கள் அதை லேசில் செலவழிக்கமாட்டார்கள். தப்பவே முடியாத இரை அகப்பட்டால்தான் பொழிவார்கள்.

சுழலி முதல் சுற்றிலேயே விழுந்துவிட்டது. மிஞ்சிய ஜோடியாக ஓடனும் கொடுவாயனும், எதிரே ஜோடி இழந்த அனலியும் நின்றன. எல்லா மேடைகளிலும் ஜனங்கள் ஸ்கிரீன்களின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அனலி துப்பிய சிறு தீயையெல்லாம் ஓடன் ஓட்டில் வாங்கிக்கொண்டது. அமலியின் உள்ளங்கை தானாகச் சுட்டது. பரவாயில்லை, பின்னால் கொடுவாயன் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தாள். ஓடனும் அதே நினைப்பில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

பின்னால் யாரும் இல்லை.

காதுக்கருவியில் ஒரு சத்தமும் வரவில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று அமலி அழுத்திப் பார்த்தாள். லூர்து அக்கா இருமுவது தெளிவாகக் கேட்டது.

ஓடன் கால்களை இழுத்துக்கொண்டது. கழுத்து பாதியில் நின்றது, கண் திறந்தபடி, கொடுவாயன் நின்றிருந்த இடத்தையே பார்த்தபடி. ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்த காலி முக்காலியைப் பார்த்த பிள்ளையை அமலி அங்கே பார்த்தாள். எல்லா மேடைகளும் பார்த்தன.

மூன்றாம் மேடைக்காரர்கள் அப்படி ஓர் இரையை எப்போது கண்டார்கள்? அனலி படம் விரித்தது. எரிமழை கொட்டியது. பவளப்பாறை முதலில் கருகிற்று, பிறகு ஓடு பிளந்தது. அனலி கயிறாகச் சுருண்ட அந்த நொடியில் கொடுவாயன் உள்ளே வந்தது. களம் இன்னும் முழங்கால் உயரம் எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தீயின் நடுவே, வயல் வரப்பில் நடக்கும் கொக்கைப்போல, அவசரமில்லாமல் கொடுவாயன் நடந்து போய் அனலியைக் கொத்தி முடித்தது.

மேடையே அதிர்ந்தது. யாரோ அமலியைத் தூக்கிச் சுற்றினார்கள். அவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வந்தது. குழாயில் வாய் வைத்துக் குடித்தார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள். புண்கள் காயத் தொடங்கின. இனி அமலியின் பயம் ஊர்ச்சொத்து. மீன் விற்கிறவள் கூடையைத் தூக்குமுன் “போறேன் அமலி, போயிட்டு வாரேன்” என்று இரண்டு தடவை சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான். பிள்ளைகள் நாலடி நடந்து, “அமலியக்கா, போறோம்,” பின் இன்னும் நாலடி நடந்து, “இன்னுங்கொஞ்சம் போறோம்,” என்று விழுந்து விழுந்து சிரித்தன. அவள் வார்ப்பறைக்குப் போய்க் கண்ணை மூடினால் இருட்டு மட்டும் இருந்தது. முழங்காலை மூக்கு தேடவில்லை.

லூர்து அக்கா ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கிண்டல் இல்லை.

“உன்ட்ட அவன் என்ன பயம்னு சொன்னான்?”

“நெருப்புன்னாரு.”

அக்கா தலை குனிந்துகொண்டாள். “என்ட்ட இடின்னான்.” நெற்றிப்பட்டையைக் கழற்றியபடி, “அவனத் திட்டவும் வாய் வரல பாத்துக்க. எம்மவ கழுத்துப் புண்ணு ஆறிட்டு,” என்றாள்.

கிளாட்வின் வந்தபோது அமலி தட்டு சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் கையில் ஒரு கேன் நல்ல தண்ணீர். பழைய இடத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“நீ கோவமா இருப்பன்னு தெரியும்.”

அவள் சுரண்டினாள்.

“சொல்லிட்டுச் செஞ்சா அது பயமே இல்லல்லா, அமலி. நீ தைரியமா நின்னுருப்ப. அவங்க எரிமழைய எறக்கியிருக்கமாட்டாங்க. வேற வழியே இல்ல. ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன்.”

“எப்பலருந்து?”

“என்ன எப்பலருந்து?”

“யோசிச்சது.”

அவன் கேனின் மூடியைத் திருகினான். “மொதநாள்லருந்தே,” என்றான் மெதுவாக. “மூணாம் மேடைய வெல்லணும்னா அணிய உன்னயச் சுத்தித்தான் கட்டணும்னு, நீ சொன்ன அன்னைக்கே புரிஞ்சுட்டு.”

அவளைச் சுற்றி. ஓட்டையை அடைக்க அல்ல, ஓட்டையைப் பத்திரமாக வைத்திருக்க. ‘வெலகுதேன் அமலி’ என்று அத்தனை தடவை சொன்னது, ஒரு தடவை சொல்லாமல் இருப்பதற்காக.

“புதுசா ஒண்ணு வார்த்துக்கிடுவோம்,” என்றான். “அடுத்த வருசமும் மொதப் பங்கு வேணும்லா. நீ இல்லாம டீமு கெடையாது.”

“என் பயம் இப்ப எல்லாருக்கும் தெரியுமே.”

“அதான் வேணும். உன் பூதம் அங்கதான் உறையும்னு நம்புவாங்க. அங்கயே கண்ணி வைக்கலாம்.” அவன் கண்கள் ஒரு கணம் பழையபடி பளபளத்தன. பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டதோ என்னவோ, குரலைத் தாழ்த்தினான். “உன்ட்டப் பொய் சொல்லிட்டேன். அது தப்புதான். இப்ப உண்மையச் சொல்லுதேன். யாருட்டயும் சொன்னதில்ல.”

அமலியின் கை நின்றது.

“நண்டு,” என்றான். “சிரிக்காத. சின்ன நண்டுகூட. அப்பா படகு எரியல, முங்குச்சு. அப்பா உடம்பு ஒதுங்கினப்ப நான்தான் மொதப் பாத்தேன். முகத்துல...”

அவளையே பார்த்தான். அவன் நெஞ்சு உயர்ந்து, அப்படியே நின்றிருந்தது. அன்று அவன் இயல்பாக மூச்சு விட்டபடி காத்திருந்தது அமலிக்கு நினைவு வந்தது. இந்தத் தடவை பொய் இல்லை.

அவன் காத்திருந்தான். அவள் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அது நாக்கு நுனிவரை வந்தது, பழக்கம் அப்படி.

அமலி சுரண்டியை வாளியில் போட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பாதி கழுவிய தட்டு அவன் முன்னால் கிடந்தது. எழுந்தாள், செருப்பை மாட்டினாள், மேடையின் பலகைகள் அதிராமல் நடந்து போனாள்.