பத்து வரைக்கும் எண்ணுங்க, மாமா!

மேஜைத் தொலைபேசி அலறியது.

மதியம் இரண்டு மணி நாற்பது நிமிடம். சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரம்.

'வீட்டில் நெட் வரவில்லை' என்று புலம்புகிறவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே வைத்தியம் பார்க்கும் அலுவலகம் அது. நூற்றிருபது மேஜை. நூற்றிருபது ஹெட்செட். அதில் பதினேழாம் மேஜைக்காரனுக்கு அலுவலகம் வைத்த பெயர், நிதானம். வாடிக்கையாளர் வண்டை வண்டையாகத் திட்டினாலும், "சரிங்க சார், பச்சை லைட் எரியுதுங்களா?" என்று மட்டும் கேட்கிற ஜென்மம்.

இருபத்தைந்து நாளாக அந்தப் பெயர் அவனுக்குப் பொருந்தவில்லை.

அவனுடைய அக்காவைக் காணவில்லை.

"மாப்ளே... நான்தான்."

மாமா! அக்காவின் கணவர். எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்.

"என்னாச்சு மாமா? அக்கா பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் இல்லப்பா." குரல் கரகரத்தது. "உன் செல்லுக்குப் போட்டேன், எடுக்கல. அதான் ஆபீஸ் நம்பருக்கே போட்டேன்."

எடுக்க முடியாது. வாடிக்கையாளர் விவரம் வெளியே போய்விடக் கூடாதாம்... செல்போனை வாசல் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பேனா கூடாது. பேப்பர் கூடாது. திரையைப் படம் பிடிக்கும் வசதியைக்கூடக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி வைத்திருந்தார்கள். உள்ளே கொண்டுபோக அனுமதி இருந்தது ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும்தான்.

"சொல்லுங்க மாமா."

"வீட்ல வைஃபை போச்சுப்பா. என் செல்லு தண்ணில விழுந்துது. ரிப்பேர்காரன் உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சுக் குடுத்துட்டான். இப்ப பாஸ்வேர்டு கேக்குது. எதைப் போட்டாலும் தப்புங்குது. அதெல்லாம் உங்கக்காவுக்குத்தானே தெரியும்..."

நிதானத்துக்கு அக்காவின் கடைசிப் பேச்சு நினைவுக்கு வந்தது.

'அம்மாவைப் பாக்கணும்டா, வர்றேன்' என்று சொன்னவள் அவள். அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மாமாவே அவளைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர், இரவு பத்து மணிக்குத்தான் திரும்பினார். போலீசில் அவர் கொடுத்த வாக்குமூலம் இதுதான். அக்காவின் போன் கடைசியாக சிக்னல் காட்டியதும் பஸ் ஸ்டாண்டில்தான் என்று போன் கம்பெனியும் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"கவலைப்படாதீங்க மாமா. பாஸ்வேர்டை இங்கேருந்தே மாத்திடலாம். மேலிடத்துல அனுமதி கேக்கணும். ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாளா?" மாமாவின் குரல் உடைந்தது. "வீட்டுக்குள்ள டவரே எடுக்காது மாப்ளே, உனக்குத் தெரியுமே. ஜன்னல்ல தொங்கிட்டுத்தான் உன்கிட்டயே பேசறேன். ராத்திரி நான் தூங்கறப்ப அவ ஒரு மெசேஜ் போட்டா? 'நான் இங்க இருக்கேன், வந்து கூட்டிட்டுப் போ'ன்னு போட்டா? நான் பாக்க வேணாமா?"

இப்படிக் கேட்டால் எந்தத் தம்பிதான் சும்மா இருப்பான்?

சொந்தக்காரர்களின் புகாரை எடுக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அதைத் தூக்கி ஓரமாக வைத்தான் நிதானம்.

"சரி. இப்பவே முடிச்சுடலாம். வைஃபை பொட்டி எங்க இருக்கு?"

"இதோ, ஜன்னல் மேலதான்."

"அதுக்கு அடியில ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். படிங்க."

படித்தார். எட்டை மூன்று என்று படித்தார். மூன்றை எட்டு என்று படித்தார். கண்ணாடியைத் தேடினார். அது தலைமேலேயே இருந்தது. ஊருக்கெல்லாம் கிளட்ச், பிரேக் என்று பாடம் நடத்துகிற மனுஷர், உள்ளங்கை அளவு பெட்டியிடம் இப்படித் தோற்றுக்கொண்டிருந்தார்.

"முடியலப்பா. அவ இருந்திருந்தா இந்நேரம்..."

"விடுங்க மாமா. கெடச்சுடுவா."

புகாரைப் பதிவு செய்தான். புகார் பதிவானால்தான் அந்த வீட்டுப் பெட்டியின் உள் விவரம் அவன் திரையில் திறக்கும். சக்கரம் சுற்றத் தொடங்கியது. அது எப்போதும் ஆமை வேகம்.

"இப்ப ஒரு ஊக்கு எடுத்துக்குங்க. பொட்டிக்குப் பின்னாடி ஊசி நுழையற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும்."

"இருக்கு, இருக்கு."

"அதுல குத்தி அழுத்திப் பிடிச்சுக்கணும். பத்து வரைக்கும் எண்ணுங்க, மாமா. நடுவுல எடுத்துடாதீங்க. எடுத்தா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அழுத்தினா என்ன ஆகும்?"

"உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சு, கடையில வாங்கினப்ப இருந்த மாதிரி ஆயிடும். அப்புறம் புதுசா பாஸ்வேர்டு போட்டுக்கலாம்."

"நீ சொல்றே. நான் செய்யறேன். அழுத்தட்டுமா?"

"அழுத்துங்க."

"ஒண்ணு..."

திரை திறந்தது.

அந்தப் பெட்டியோடு எந்தெந்தப் போன், எந்த நாள், எத்தனை மணிக்குச் சேர்ந்தது, எப்போது விலகியது... முப்பது நாள் கணக்கு வரிசையாக வந்து நின்றது. தினமும் நூறு வீட்டுப் பட்டியலைப் பார்க்கிறவன் இதையும் சும்மா பார்த்தான்.

"ரெண்டு..."

ஒரு பெயரில் கண் நின்றது.

வாயாடி.

அக்காவின் போன்! வாங்கிக் கொடுத்தவன் அவன். 'உனக்கு இதுதான் பொருத்தம்' என்று அந்தப் பெயரை அதில் போட்டவனும் அவன்தான். அன்றைக்கு அக்கா அவன் காதைத் திருகினாள்.

"மூணு..."

காணாமல் போன வெள்ளிக்கிழமை. 'வாயாடி' வைஃபையை விட்டு விலகிய நேரம்... இரவு ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம்.

காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கியவளின் போன், இரவு ஒன்பது மணி வரை பூட்டிய வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தது?

"நாலு..."

அதற்கு அடுத்த வரி, மாமாவின் போன். அதே வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றிலிருந்து இரண்டரை வரை வீட்டில். வேலைக்குப் போனவர் இரவு பத்து மணிக்கல்லவா திரும்பினார்?

நிதானத்துக்குப் புரிந்தது. சிம் கார்டு மட்டும் வேறொரு போனில் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறது. போன் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அக்காவும்...

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. அவனே இப்போது அந்தக் கிணற்றை மூடவும் சொல்லியிருக்கிறான்.

"மாமா, எடுங்க. ஊக்கை எடுங்க."

"அஞ்சு..."

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போன் இல்லை. மேஜை மேல் தேடியது. பேனா இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"மாமா, எடுங்கன்னு சொல்றேன்ல!"

நாலு மேஜை திரும்பிப் பார்த்தது. நிதானம் கத்தி அந்த அலுவலகம் கேட்டதே இல்லை.

"ஆறு... நடுவுல எடுக்கக் கூடாதுன்னு நீதானேப்பா சொன்னே? ஏழு..."

"வேணாம் மாமா. நிறுத்துங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"எட்டு..."

பக்கத்து மேஜைக்காரியைத் தோளைப் பிடித்து இழுத்தான். "இங்க பாரு. இந்த வரியைப் பாரு, சீக்கிரம்."

"என்ன... எந்த வரி?" அவள் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஒன்பது... பத்து."

திரை வெளுத்தது. 'இந்தக் கருவியில் பதிவுகள் எதுவும் இல்லை' என்றது.

"வெள்ளையாத்தானே இருக்கு?" என்றாள் அவள்.

காதில் மாமாவின் மூச்சு சீராகக் கேட்டது.

"மாப்ளே, பச்சை லைட்டு வந்துடுச்சுப்பா."

"மாமா... அக்கா எங்க?"

"என்ன கேள்வி இது?"

"அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அக்கா போன் உங்க வீட்ல இருந்திருக்கு. பகல்ல நீங்களும் இருந்திருக்கீங்க. என் கண்ணால பாத்தேன்."

"அப்படியா? இப்பவும் அது தெரியுதா?"

"..."

"தெரியலல்ல? விடு. ரெண்டு பேருமே தூக்கமில்லாமக் கெடக்கறோம். கண்ணு எதையாவது காட்டும்." எண்ணைத் தவறாகப் படித்த தடுமாற்றம் அந்தக் குரலில் துளியும் இல்லை. "வெச்சுடறேன். வீட்டுக்கு ஆள் வர்றாங்க."

இணைப்பு அறுந்தது.

நிதானம் ஓடினான். லாக்கர் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. அக்காவின் ஊர் இன்ஸ்பெக்டரைப் பிடித்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான்.

இன்ஸ்பெக்டர் கேட்டு முடித்தார்.

"அந்தப் பொட்டியை எடுக்கத்தான் இப்ப அவர் வீட்டு வாசல்ல நிக்கறேன்."

"சார்..."

"நேத்து சாயந்தரம் உங்க மாமாகிட்ட நானே சொல்லிட்டுப் போனேன். இதுல முப்பது நாள் கணக்கு இருக்கும், வீட்ல யார் இருந்தாங்க, யார் போனாங்கன்னு தெரிஞ்சுடும், நாளைக்கு மூணு மணிக்கு ஆள் கூட்டிட்டு வந்து எடுத்துக்கறேன், பின்னாடி ஓட்டைல மட்டும் தெரியாம குத்திடாதீங்கன்னு."

நிதானத்துக்கு எல்லாம் விளங்கியது.

தெரிந்துதான் மாமா கூப்பிட்டிருக்கிறார். பெட்டியைத் தானே உடைத்தால் சந்தேகம். தானே அழித்தால் கைது. மச்சினன் வாயால் சொல்ல வைத்து அழித்தால்... அது வாடிக்கையாளர் சேவை!

"சார், அவர்தான் சார். அவர்தான் அக்காவை..."

"நீங்க பாத்ததுக்குப் படம் இருக்கா?"

"இல்ல சார்."

"எழுதி வெச்சீங்களா?"

"இல்ல சார்."

"வேற யாராவது பாத்தாங்களா?"

"பக்கத்து சீட்ல... இல்ல சார். அழிஞ்சப்புறம்தான் பாத்தா."

"உங்க கம்பெனில நகல்?"

"பொட்டில இருந்தாத்தான் சார் எங்களுக்கும் தெரியும். அதுல அழிஞ்சா எங்கேயுமே இல்ல."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "உங்க மாமா இங்க திண்டாடிட்டு உக்காந்திருக்காரு. 'மச்சினன் சொன்னான்னு செஞ்சேன் சார், அவன் கம்பெனி ஆளாச்சேன்னு நம்பினேன் சார்'னு அழறாரு. உங்க ஆபீஸ்ல பேசறது எல்லாம் பதிவாகும்ல?"

"ஆகும் சார்."

"அதுல அழிக்கச் சொல்றது யார் குரல்?"

"என் குரல்தான் சார்."

"எனக்கும் உங்க மாமா மேல சந்தேகம் இருக்கு தம்பி. இல்லன்னா இந்தப் பொட்டிக்காக வந்திருக்க மாட்டேன். இது ஒண்ணைத்தான் நம்பியிருந்தேன். இப்ப நான் கோர்ட்ல போய், தடயத்தை அழிச்சவரே வந்து சாட்சி சொல்றாருன்னா, ஜட்ஜ் என்னைப் பாத்துச் சிரிப்பாரு." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு நீங்க இங்க வர வேண்டியிருக்கும். எதுக்கும் ஒரு வக்கீலைப் பாத்து வெச்சுக்குங்க."

வைத்துவிட்டார்.

அக்கா இனி வரமாட்டாள். இருபத்தைந்து நாளாக மனசு ஒப்புக்கொள்ளாததை, எண்ணிப் பத்தே நொடியில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவளை என்ன செய்தார், எங்கே வைத்தார், எதற்காக... கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் நல்ல பிள்ளையாக இன்ஸ்பெக்டருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

கையில் போன் அதிர்ந்தது.

அம்மா.

"ஏண்டா, மாப்பிள்ளை வீட்டு நெட்டை நீதான் சரி பண்ணினியாமே? இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னாரு. ரொம்ப சந்தோஷப்பட்டாரு, பாவம்."

"ம்."

"நல்லாயிருப்பே. இனிமே அவ ஒரு வார்த்தை அனுப்பினாலும் உடனே தெரிஞ்சுடும்ல?"

"..."

"என்னடா பேச மாட்டேங்கறே? தெரிஞ்சுடும்ல?"

"தெரிஞ்சுடும்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மேஜை பக்கத்தில் டீம் லீடர் அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பின்னால் ஒரு செக்யூரிட்டி.

"சொந்தக்காரங்க புகாரை எடுத்திருக்கே. வாடிக்கையாளர்கிட்ட கத்தியிருக்கே. போலீஸ் கேட்ட பொட்டியை நீ அழிச்சிருக்கேன்னு இப்ப மேலிடத்துலேருந்து போன். ஐ.டி. கார்டைக் குடுத்துடு."

கழற்றிக் கொடுத்தான். சண்டை போடவோ விளக்கம் சொல்லவோ அவனுக்குத் தெம்பு இல்லை.

"இந்த மாசத்துலயே உனக்கு வந்த ஒரே நல்ல வார்த்தை இதுதான். அதையும் படிச்சுட்டுப் போ," என்று திரையைக் காட்டினாள்.

சற்று முன் முடிந்த புகாருக்கு வாடிக்கையாளர் அனுப்பிய கருத்து. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். கீழே ஒரு வரி.

'கம்பெனியின் சேவை பிரமாதம்... என் பிரச்சினை இருந்த சுவடே தெரியாமல் தம்பி தீர்த்து வைத்தார்!'