டைகரின் வாயில் நுரை

வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கையில் தியாகராசா கிளாக்கரின் வீட்டை அறியாதவர் இல்லை. அவர் எழுதிய கடிதத்தில் வெள்ளைக்காரத் துரைகூடப் பிழை கண்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பாலேஸ்வரிக்கு ஒரு தேரையின் மேல் பொறாமை வந்துவிட்டது.

தேரை பக்கத்து வீட்டு ஹமீமாவுடையது. குழாயடிப் பூச்சட்டிக்குள் இருந்தது. தம்பி நாகேந்திரம் ஒரு கிழமையாக, ஏழு நாளும் அங்கேதான்.

"ஹமீமாக்கா தொட்டால் தேரை பலூன் மாதிரி ஊதுது, அக்கா!"

"ஊதட்டும். உனக்கு இஞ்சையும் ஒரு அக்கா இருக்கிறாள்."

அவன் அதைக் கேட்க நிற்கவில்லை.

பாலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஹமீமா ஈர்க்கால் தேரையைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்குப் பின்னால புடைச்சிருக்கே, பாருங்க தம்பி. யாராச்சும் கடிச்சா அதுலயிருந்து பால் வரும். கடிச்சவன் வாயெல்லாம் நுரை!"

நாகேந்திரம் கை தட்டினான்.

அவனுக்கு அகரம் எழுதப் பழக்கியவள் பாலேஸ்வரி. பட்டம் விடப் பழக்கியவளும் அவள்தான். ஒரு நாளாவது அவளுக்குக் கை தட்டினானா? முற்றத்தில் கட்டியிருந்த நாயின் சங்கிலியைக் கழற்றினாள்.

"டைகர்! சூ! பிடி!"

டைகர் வேலியடிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து பாய்ந்தது. தேரை ஓடவில்லை. உடம்பை உப்பி, நாலு காலையும் ஊன்றி, முட்ட வருவதுபோலத் தலையைக் குனிந்து நின்றது. டைகர் அதைக் கவ்வியது, மறுகணமே துப்பியது. தலையை உதறிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடியது. வாயிலிருந்து நுரை வழிந்தது.

"விசர் நாய்! கடிச்சால் ஆள் தப்பாது!" எதிர்வீட்டுப் பெரியதம்பி மாஸ்டர் உலக்கையோடு ஓடி வந்தார். "பிள்ளையள், உள்ளுக்குப் போங்கோ!"

பாலேஸ்வரி உலக்கையைப் பார்த்தாள். சொன்னால் கிளாக்கர் வீட்டுக்கு வெட்கம். சொல்லாவிட்டால் டைகர் இல்லை. ஆனால் பிழையைச் செய்துவிட்டு ஒளித்தார்கள் என்ற பேர் அந்த வீட்டுக்கு ஒருபோதும் வந்ததில்லை.

ஓடிப்போய் டைகரைக் கட்டிப் பிடித்தாள்.

"அடியாதேங்கோ மாஸ்டர்! விசர் இல்லை. தேரையைக் கடிச்சது. நான்தான் ஏவி விட்டனான்!"

ஓங்கிய உலக்கை அப்படியே நின்றது. மாஸ்டர் ஒழுங்கைக்கு வந்து நின்ற ஹமீமாவைப் பார்த்தார்.

"மெய்தான் மாஸ்டர். அது தேரைப் பால்தான்." ஹமீமா கையில் ஒரு வாளி தண்ணீர். "பாலேஸ்வரி, நாயை நாங்க தொடுறதில்ல. நான் ஊத்துறேன், நீங்க துடைங்க. தலையைக் குனிச்சுப் புடிங்க, விழுங்க விடாதீங்க."

ஒருத்தி ஊற்றினாள்; ஒருத்தி துடைத்தாள். வாளி காலியாகி, மறுபடி நிறைந்து, மறுபடி காலியானது. நுரை நின்றது.

மாஸ்டர் உலக்கையைத் தோளில் போட்டார். "மா இடிக்கிறதுக்கு என்ர மனுசி இதைத் தேடப்போறாள்" என்று அவசரமாக நடந்தார்.

"தேரை செத்துப்போச்சோ?" பாலேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"வந்து பாருங்களேன்."

பூச்சட்டிக்குள் தேரை இன்னும் உப்பியபடியே இருந்தது. அதைக் கண்டதும் டைகர் பாலேஸ்வரியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தது.

நாகேந்திரம் தேரையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரு கிழமையா அக்காவும் இப்பிடித்தான் ஊதிக்கொண்டு திரிஞ்சவ!"

பாலேஸ்வரி அவனை ஏச வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது. அதற்குள் தேரையும் காற்றை விட்டுச் சின்னதாகியிருந்தது.